துண்டின் சரித்திரம்

நுவரெலியாவில் உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதிகளில், கை கழுவும் இடத்தருகே சுவரில் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதிலிருந்து ஒரு தாளை இழுத்து, ஈரக் கையைத் துடைத்து, கூடையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கையிலிருந்த நீர் தாளுக்குள் மறைந்துவிடுகிறது. கடதாசித் துண்டு என்பது அதன் பெயர். அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்து ஏதேனும் ஒரு தோட்டத்துச் சரிவை அடைந்தால், இடுப்பிற் சுற்றிய படங்குச் சாக்கு மழையில் ஊறிக் கனக்க, கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் பெண்களைக் காணலாம். விடுதியின் தாளிலும் தொழிலாளியின் சாக்கிலும் நடப்பது ஒரே இயற்கை விதியின் வேலைதான். ஆயினும் ஒன்று ஒருவருடைய கையை உலர்த்துகிறது. மற்றது ஒருத்தியின் உடம்பைக் குளிரச் செய்கிறது. இந்த வேறுபாடு இயற்கையால் வந்ததா, மனிதனால் வந்ததா என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

துண்டு என்னும் சொல்லே நம்மை இந்த ஆராய்ச்சிக்கு இழுத்துச் செல்கிறது. யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கேயரிடம் பெற்ற 'துவாய்' என்னும் சொல்லை வழங்கும் இடத்தில், மலைநாட்டுத் தொழிலாளி தன் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொணர்ந்த 'துண்டு' என்னும் சொல்லையே காப்பாற்றி வந்திருக்கிறான். தோளிற் கிடப்பது துண்டு. தலையிற் கட்டுவதும் துண்டு. ஆனால் தோட்டங்களின் சரித்திரத்தில் அச்சொல்லுக்கு இன்னொரு கொடிய பொருளும் இருந்தது. தொழிலாளர் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த காகிதத்துக்கும் துண்டு என்றே பெயர். மாதக் கடைசியில் வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழுவதையும் துண்டு என்றே நம் மக்கள் சொல்கிறார்கள். உடம்பைத் துடைக்கும் துண்டு, உடம்பைக் கட்டிய துண்டு, வயிற்றில் விழும் துண்டு ஆகிய இம்மூன்றும் ஒரே மக்களின் வாழ்வில் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன.

நீர் ஏன் ஏறுகிறது?

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். பருத்தி, சணல், மரக்கூழ், வைக்கோல் என நாம் வேறு வேறாக எண்ணும் இப்பொருள்கள் யாவற்றுக்கும் அடிப்படையாக இருப்பது செலுலோசு என்னும் ஒன்றே. 1838-ம் ஆண்டில் அன்செல்ம் பாயேன் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இதைத் தாவரங்களிலிருந்து பிரித்துக் காட்டினார். குளுக்கோசு என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே செலுலோசு. அச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டங்கள் மூன்று உள்ளன. நீரும் ஒட்சிசனாலும் ஐதரசனாலும் ஆனதே. ஆகவே நீர் மூலக்கூறு அருகே வந்தவுடன் இக்கூட்டங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. இதற்கு ஐதரசன் பிணைப்பு என்று பெயர். அப்படியாயின் பருத்தித் துணி சர்க்கரையைப்போல் நீரிற் கரைந்துவிட வேண்டாமா? கரைவதில்லை, ஏனெனில் செலுலோசுச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அணிவகுத்து, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீர் அவற்றின் இடுக்குகளில் நுழைந்து நாரைப் பருக்கச் செய்யுமேயன்றி, அவற்றைப் பிரித்துவிட முடியாது.

இது பாதிக் கதை. நாருக்கும் நாருக்கும் இடையே கிடக்கும் வெற்றிடங்களில் நீர் ஏறுவது மற்றப் பாதி. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன; அருகிலுள்ள சுவரும் அவற்றை இழுக்கிறது. சுவர் ஓரத்து நீர் மேலே தாவுகிறது. அதன் பின்னே நடுவிலுள்ள நீரும் இழுபட்டு ஏறுகிறது. இதையே மயிர்த்துளைத்தன்மை என்கிறோம். குழாய் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு நீர் உயரமாக ஏறும் என்ற விதியை 1718-ம் ஆண்டளவில் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில வைத்தியர் வகுத்துக் கூறினார். ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயரும். விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 30 சென்ரிமீற்றர் உயரும். நீரின் மேற்பரப்பு இழுவிசைக்கும் இந்த ஏற்றத்துக்கும் உள்ள தொடர்பைத் தோமஸ் யங் 1805-லும் லாப்பிளாஸ் 1806-லும் விளக்கினர்.

நீர் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அறிய இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. லூக்காஸ் 1918-லும் வாஷ்பர்ன் 1921-லும் தனித்தனியே கண்ட விதி இதுதான்: நீர் பரவும் தூரம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆசிரிய நண்பர்கள் இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். மையொற்றுத்தாளின் கீற்று ஒன்றை மேசைமேற் கிடையாக வைத்து, அதன் ஒரு நுனியை மாத்திரம் நிறமூட்டிய நீரில் அமிழ்த்திவிட்டு, நீர் போகும் தூரத்தைக் குறித்துவரட்டும். ஒரு நிமிடத்திற் சென்ற தூரத்தின் இருமடங்கை அடைய இரண்டு நிமிடம் போதாது. நான்கு நிமிடம் வேண்டியிருக்கும். தொடக்கத்தில் வேகம், போகப்போகத் தயக்கம். உள்ளே சென்ற நீரே பின்வரும் நீருக்குத் தடையாகிவிடுகிறது.

எல்லாக் காகிதமும் இவ்வாறு நீரைக் குடிப்பதில்லை. எழுதும் தாள் மையைக் குடித்தால் எழுத்துப் பரந்து அழிந்துவிடும். ஆகவே அத்தாளின் நார்களுக்கு நீரை வெறுக்கும் ஒரு பூச்சை ஏற்றுகிறார்கள். முற்காலத்தில் விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை இதற்கு உதவிற்று. 1807-ல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர், மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் மலிவான வழியை வெளியிட்டார். காகிதம் பெருந்தொகையாக உற்பத்தியாகவும், காரியாலயங்களும் நீதிமன்றங்களும் கம்பனிகளும் அதிற் புரளவும் இது வழிகோலியது. மையொற்றுத்தாளும் கடதாசித் துண்டும் இந்தப் பூச்சு இல்லாதவை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஸ்கொட் காகிதக் கம்பனி, 1907-ல், தேவைக்கு மேல் தடித்துவிட்ட காகிதத்தை வீணாக்க மனமின்றித் துண்டுகளாக வெட்டி விற்றதாக அதன் பிறப்புக் கதை கூறுகிறது. பள்ளிக்கூடத்தில் பலரும் ஒரே துவாயிற் கை துடைப்பதால் தடிமன் பரவுகிறது என்ற எண்ணம் அதற்குச் சந்தையைத் தேடித் தந்தது. நனைந்தவுடன் கூழாகிவிடாமலிருக்க நார்களை இறுக்கும் ஒருவகைப் பிசினையும், இடைவெளி மிகுமாறு சுருக்கங்களையும் பிற்காலத்தில் சேர்த்தார்கள்.

ஆக, காகிதத்தில் இருவகை உண்டு: நீரைக் குடிப்பது ஒன்று, நீரை மறுப்பது ஒன்று. மலைநாட்டுத் தொழிலாளியின் சரித்திரம் இரண்டாவது வகைக் காகிதத்தில் எழுதப்பட்டது.

மழையும் கம்பளியும்

வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் வானம் மூடிக்கொள்ளும். இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் வட்டவளை ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள நுவரெலியாவில் மழையோடு மூடுபனியும் குளிரும் சேரும். இம்மழையே தேயிலைக்கு உயிர். இம்மழைக்காகவே, 1820-களிற் கோப்பியும், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்ட 19 ஏக்கரிலிருந்து தொடங்கித் தேயிலையும் இம்மலைகளைத் தேடி வந்தன. 1869-ல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், மலை முழுவதும் தேயிலையாயிற்று. பயிர் மாறியது, மழையில் நின்றவர்கள் மாறவில்லை.

இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சி, சேலம், தஞ்சைப் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள் வெயிலூர் மக்கள். குளிரை அறியாத அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த போர்வை கம்பளி. அதை மடித்துக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். கம்பளி செலுலோசு அன்று, ஆட்டு மயிர். அதன் புறத்தே ஓட்டு வரிசைபோற் படிந்த செதில்களும் எண்ணெய்ப் பசையும் தூறலை உருட்டிவிடும். அகமோ, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமலே ஏற்கும். ஈரத்தை ஏற்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடும். ஆகவே சிறுமழைக்குக் கம்பளி நல்ல தோழனே. ஆனால் நாள் முழுவதும் கொட்டும் அடைமழைக்கு அது ஈடுகொடாது. ஊறிய கம்பளி சுமையாகும். மூடுபனி நிறைந்த காற்றில் அது மறுநாட் காலைப் பிரட்டுக்கு முன் உலர்வதுமில்லை.

பெண்கள் இடுப்பிற் சுற்றும் படங்கு, சணற்சாக்கு. தேயிலைச் செடியின் கிளைகள் சேலையைக் கிழித்துவிடாமல் காப்பதற்கு அது வேண்டும். ஆனால் சணலும் செலுலோசு நிறைந்த நாரே. நீரைக் கண்டால் விடாது. அடர்ந்த செடிகளின் இலைகளில் நிற்கும் நீரெல்லாம், அவள் நிரைக்குள் நுழைந்து நகர நகர, சாக்கில் ஊறும்; சாக்கிலிருந்து சேலைக்கு, சேலையிலிருந்து தோலுக்கு என மயிர்த்துளை வழியே நீர் வழிகண்டு செல்லும். பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் விரிப்பு மழையைத் தடுத்தது உண்மை. ஆயினும் ஏற்றத்தில் ஏறும் உடம்பின் வியர்வையை அது வெளியே விடுவதில்லை. புற ஈரம் போய் அக ஈரம் வந்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடம்பின் சூட்டில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். நூறு கிராம் அரிசி தரும் சக்தி ஏறத்தாழ 360 கிலோகலோரி. ஒருத்தியின் சேலையிலும் சாக்கிலும் ஊறிய ஒரு கிலோகிராம் நீர், முற்றாக அவள் உடற்சூட்டினாலேயே உலர்ந்தால், 160 கிராம் அரிசியின் சக்தி அதற்கே செலவாகிவிடும். காற்றும் வெயிலும் பாதியை உலர்த்தின என்று கொண்டாலும் 80 கிராம் போய்விடும். இது எந்தச் செக்றோலிலும் எழுதப்படாத செலவு. கம்பனியின் கணக்கில் மழை இலவசம். தொழிலாளியின் வயிற்றில் அது அரிசியாகக் கழிக்கப்பட்டது.

கணக்குப் புத்தகத்தில் விழுந்த ஈரம்

அந்த அரிசியும் கம்பளியும் தருமமாகக் கொடுக்கப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் கம்பளியின் விலையும் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டன. அதற்கு முன்பே, ஊரை விட்டுப் புறப்படும்போது கங்காணியிடம் பெற்ற முன்பணமும் வழிச்செலவும் கணக்கில் ஏறியிருந்தன. துரை பெரியகங்காணிக்குக் கடன் கொடுப்பார். பெரியகங்காணி சில்லறைக் கங்காணிக்குக் கொடுப்பார். அவர் தொழிலாளிக்குக் கொடுப்பார். மேலேயிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கையிலும் சிறிது தங்கும். கீழே வந்து சேரும்போது பெற்ற பணம் குறைந்தும் பட்ட கடன் கூடியும் இருக்கும். கைக்குக் கிடைத்தது எவ்வளவு, புத்தகத்தில் ஏறியது எவ்வளவு என்பதை எழுத்தறியாத மனிதன் எங்ஙனம் அறிவான்?

இந்தக் கடனே துண்டுமுறையின் அடிப்படை. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பார். இக்கங்காணியும் ஆட்களும் தரவேண்டிய கடன் இவ்வளவு. அதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்பது அதன் சாரம். அக்காகிதத்தை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்பட்ட துரை அப்பணத்தைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை, பழைய தோட்டத்திலிருந்து புதிய தோட்டத்துக்கு இடம் மாறிற்று, அவ்வளவே. ஆளுக்குப் போட்டி மிகுந்த காலங்களில் கங்காணிமார் கூடுதலான முன்பணம் கேட்டுப் பெற்றார்கள். துண்டில் எழுதும் தொகை வீங்கியது. வீங்கிய தொகை முழுவதும் ஈற்றில் கொழுந்து பறிப்பவள் தலையிலும், முள்ளும் மண்வெட்டியும் பிடிப்பவன் தலையிலும் விடிந்தது. மனிதரை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளலாம். கடனோடு மனிதனும் கைமாறும்போது அவ்வேறுபாடு எங்கே நிற்கிறது?

நீர் பட்டால் அழியாத மையால், நீரை மறுக்கும் தாளில், அத்துண்டுகள் எழுதப்பட்டன. கம்பளி நைந்து கந்தலாகிப் போன பின்னும் கம்பளியின் விலை காகிதத்தில் உயிரோடிருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரையிலிருந்து கூட்டிவரப்பட்டவரின் கழுத்தில் இலக்கமிட்ட தகரவில்லையைத் தொங்கவிடும் வழக்கமும் வந்தது. தகரமும் நனைவதில்லை. நனைவதற்கென்று அங்கே இருந்தது மனித உடம்பு ஒன்றுதான்.

இதற்குச் சட்டமும் துணைநின்றது. 1841-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சட்டமும், அதன் பின் 1865-ம் ஆண்டின் 11-ம் இலக்கச் சட்டமும், எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் உள்ள ஒப்பந்தத்தை மீறுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கின. வியாபாரி வியாபாரிக்குப் பட்ட கடன் சிவில் வழக்கு. தொழிலாளி கடனைத் தீர்க்காமல் தோட்டத்தை விட்டுப் போவது குற்ற வழக்கு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று பேசிய ஆட்சியிலேதான் இவ்வேறுபாடு இருந்தது.

இக்கொடுமைக்கு எதிராகக் குரலெழுப்பியவர்களில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919-ல் அவர் இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தை அமைத்தார். மலைநாட்டிலிருந்து எழுந்து, பின்னர் 1931-ல் தொழில் அமைச்சரான பெரி. சுந்தரம் அவருக்குத் துணைநின்றார். கிளர்ச்சி இலங்கையோடு நிற்கவில்லை. கடல் கடந்த இந்தியத் தொழிலாளர் நிலைபற்றி இந்தியாவிலும் எதிர்ப்பு வலுத்தது. ஈற்றில் 1921-ல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வாஷ்பர்ன் நீர் உறிஞ்சலின் விதியை வெளியிட்ட அதே ஆண்டு அது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒன்றை ஒப்புநோக்கலாம்: அறிஞர் கண்ட விதி மாற்ற முடியாதது, துண்டுமுறையோ, எத்தனை காலம் இயற்கை நியதிபோலத் தோன்றினும், மனிதர் போராடியதும் மாறியது.

துண்டு ஒழிந்ததோடு கடன் ஒழிந்துவிடவில்லை. கங்காணியின் பிடியும் தளர்ந்துவிடவில்லை. வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட அக்காலத்தில், தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் புகுந்து நிலைமையைக் கண்டறிந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் பேச்சாலும் பாட்டாலும் தொழிலாளரைத் தட்டியெழுப்பினர். 1931-ல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1927-ல் வந்த ஆகக்குறைந்த சம்பளச் சட்டமும், 1940-ல் முல்லோயாத் தோட்டத்தில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான கோவிந்தனின் இரத்தமும் இந்நீண்ட போராட்டத்தின் மைல்கற்கள்.

தேயிலைக்கு ஈயம், மனிதனுக்கு மண்

இனி, தோட்டத்துத் தொழிற்சாலைக்குள் செல்வோம். மக்கள் வழக்கில் அது ஸ்டோர். பறித்த பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்காற் பங்குக்குமேல் நீர். அதைப் போக்குவதே முதல் வேலை. பழைய காலத்தில் ஸ்டோரின் மேல்மாடிகளில் சணல் விரிப்புகளைத் தட்டுத்தட்டாகக் கட்டி, அவற்றிற் கொழுந்தைப் பரப்பி, சூடான காற்றைச் செலுத்தி வாட்டினார்கள். மலையில் தொழிலாளியின் இடுப்பில் ஊறிக் கிடந்த அதே சணல், இங்கே உலர்ந்த காற்றில் தேயிலையைத் தாங்கிற்று. வாட்டி, அரைத்து, நொதிக்கவைத்து, சூளையில் உலர்த்தி முடியும்போது தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே ஈரம் எஞ்சும். நாலு கிலோகிராமுக்கு மேற்பட்ட கொழுந்து ஒரு கிலோகிராம் தேயிலையாகச் சுருங்கும்.

அப்படி உலர்ந்த தேயிலை, செலுலோசு நிறைந்த காய்ந்த இலையாதலால், காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். உறிஞ்சினால் மணம் கெடும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மரப்பெட்டிகளுக்குள் ஈயத்தகடு பதித்து, பிற்காலத்தில் அலுமினியத் தகடு பதித்து, தேயிலையைக் கடலுக்கு அப்பால் அனுப்பினார்கள். மயிர்த்துளை விதியைத் தோட்டமுதலாளி நன்கறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது லயத்துக்கு வருவோம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட காம்பராக்கள், முதுகோடு முதுகாக ஒட்டிய வரிசைகள், மண் தரை. மண்ணிலுள்ள நுண்துளைகளும் கல்லுக்கும் சாந்துக்கும் இடையிலுள்ள நுண்துளைகளும் மயிர்த்துளைக் குழாய்களே. நிலத்து நீர் அவற்றின் வழியே சுவரில் ஏறும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே தார் அல்லது வேறு நீர்புகாப் பொருளால் ஒரு படை இட்டால் இவ்வேற்றம் அங்கேயே நின்றுவிடும். பழைய லயங்கள் பலவற்றில் அச்சிறு செலவும் செய்யப்படவில்லை. தேயிலை நனையாதிருக்கக் கண்டம் தாண்டும்வரை ஈயம் உண்டு. அதைப் பறித்த தாயின் குழந்தை படுக்கும் தரைக்கு ஒரு கைத் தார் இல்லை. இருமலும் காய்ச்சலும் தலைமுறை தலைமுறையாக அத்தரையிற் படுத்தெழுந்தன. 1975-ல் வெள்ளையர் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-ல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிர்வாகம் கைமாறிய பின்னும் எத்தனையோ குடும்பங்கள் அதே லயங்களிலேயே வாழ்கின்றன.

தராசடியில் நடப்பதையும் சொல்லாமல் விடலாகாது. மழைநாளிற் பறித்த கொழுந்தில் நீர் ஒட்டியிருக்கும். நிறுக்கும்போது, நீருக்கென்றும் சாக்குக்கென்றும் இத்தனை கிலோ என்று கழிக்கிறார்கள். நீரைக் கொழுந்தாகக் கணக்கிட முடியாது என்பது நியாயமே. ஆனால் எவ்வளவு கழிப்பது என்பதை யார் அளந்தார்? நீரை அளக்க விஞ்ஞானத்தில் வழியில்லையா? ஒரு கைப்பிடிக் கொழுந்தை நிறுத்து, துடைத்து உலர்த்தி, மறுபடி நிறுத்தால் ஒட்டிய நீரின் விகிதம் தெரிந்துவிடும். ஒரு கடதாசித் துண்டே போதும். அளவை விட்டு மதிப்பினாற் கழிக்கும்போது, தவறு பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பதுதான் தொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. இலையில் ஒட்டிய நீருக்குக் கழிவு உண்டு. அவள் சேலையில் ஊறிய நீரைச் சுமந்ததற்குக் கூலி இல்லை. குறித்த கிலோவை எட்டாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகும். மாதக் கடைசியில் துண்டு விழுவதற்கு வேறு காரணமும் தேட வேண்டுமா? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021-ல் அதை வர்த்தமானியில் ஏற்றினார்கள். அதற்குள் அரிசியின் விலை எங்கோ போய்விட்டது.

காகிதம் கேட்ட நாடு

துண்டுக் காகிதத்திலிருந்து விடுபட்ட மக்களிடம் வேறொரு காகிதம் கேட்கப்பட்டது. 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையாவது, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று காட்டும்படி கேட்டது. லயத்து மண் தரையிற் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? தலைமுறைக் கடனையெல்லாம் தவறாமற் குறித்துவைத்த எழுதுகோல்கள், அவர்களின் பிறப்பைக் குறித்துவைக்கப் பல வேளைகளில் மறந்துவிட்டன. பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964-ம் ஆண்டு ஒக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து 55 ஆண்டுகள் கழித்து, 2003-ம் ஆண்டின் 35-ம் இலக்கச் சட்டத்தாலேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர்ந்தது.

துண்டில் எழுதியது இவர்கள் யாருக்குச் சொந்தம் என்பதை. பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டது இவர்களுக்கு எது சொந்தம் என்பதை. முன்னதில் அவர்கள் பெயர் இருந்தது, பின்னதில் இல்லை.

விஞ்ஞானம் வேறு, சமுதாயம் வேறு என்று நம் பாடப்புத்தகங்கள் பிரித்துவைத்திருக்கின்றன. மயிர்த்துளைத்தன்மை பௌதிகப் பாடத்தில் ஒரு சூத்திரம். தோட்டத் தொழிலாளர் சரித்திரப் பாடத்தில் ஒரு பந்தி. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வகுப்பறையில் இருக்கும் மாணவன், வீட்டுச் சுவரில் ஏறும் ஈரத்தையும் தாயின் சாக்கிலிருந்து சொட்டும் நீரையும் கண்டவன். கண்ணாடிக் குழாயை அவன் கண்டிருக்கமாட்டான். அவனுக்கு ஜூரினின் விதியைச் சுவரிலிருந்து தொடங்கிச் சொல்லிக் கொடுக்கலாமே! அப்படிச் சொல்லிக் கொடுக்கும் நாளில், அச்சுவரில் ஏன் ஒரு படை தார் இல்லை என்ற கேள்வி அவன் வாயிலிருந்து தானாகவே வரும்.

நீர் நாரில் ஏறும். குறுகிய துளையில் உயர ஏறும். அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் எந்தத் தரைக்குத் தார் பூசுவது, எந்தப் பெட்டிக்கு ஈயம் பதிப்பது, தராசில் எத்தனை கிலோ கழிப்பது ஆகியன மனிதர் எடுத்த முடிவுகள். 1921-ல் ஒரு துண்டைக் கிழித்தெறிய முடிந்தது. தராசடியில் விழும் துண்டும், லயத்துச் சுவரில் ஏறும் ஈரமும் இன்னும் மிச்சம். அளந்து காட்டும் அறிவும், கேட்டு நிற்கும் ஒற்றுமையும் சேருமானால், அவையும் தீராமற் போகா.